ஒரு பட்டியல், 38 தாள்கள்

மாநிலம் முழுவதற்கும் கணக்கு வைத்திருக்கும் அலுவலகங்களுக்குப் பழகிய வேலை இது. ஒரே எக்செல் தாளில் ஐம்பதாயிரம் வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் ஒரு பயனாளியின் பெயர், ஊர், மாவட்டம், தொகை. இதைத் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் தனித்தனித் தாளாகப் பிரித்து அனுப்ப வேண்டும். ஃபில்டர் போட்டு ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, தெரியும் வரிகளைக் குறிப்பது, காப்பி எடுப்பது, புதுத் தாள் திறப்பது, ஒட்டுவது, தாளுக்குப் பெயர் வைப்பது என மாவட்டத்துக்கு ஆறு செயல்கள். மொத்தம் 228. பட்டியலின் பின்பாதிக்கு வரும்போது கண் சோர்ந்துவிடும். ஃபில்டரை மாற்ற மறந்து, திருப்பூர் வரிகளையே திருவள்ளூர் தாளிலும் ஒட்டிவிட்டுப் போவது அப்போதுதான் நடக்கிறது.

இந்த 228 செயல்களையும் கணினி சில விநாடிகளில் செய்துவிடும். அதை எப்படிச் செய்கிறது, எங்கே தவறுகிறது என்பது விரிதாளோடு பழகும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண எழுத்தர் வேலையாகத் தெரிகிற இதற்குள் கணினி அறிவியலின் அடிப்படையான கருத்துகள் சில இருக்கின்றன. இதில் நேர்ந்த பிழைகள் தொற்று நோயைப் பரவவிட்டிருக்கின்றன, காவலர்களின் உயிருக்கு அச்சம் உண்டாக்கியிருக்கின்றன.

பட்டியலைப் பிரிக்கும் இயந்திரம் கணினிக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. அடுத்த கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் என்ற பொறியாளர் ஒரு கருவி செய்தார். ஆளுக்கு ஓர் அட்டை; அவரைப் பற்றிய விவரங்கள் அட்டையில் துளைகளாக இருக்கும். அட்டையை வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் ஊசிகள் துளைகளின் வழியே இறங்கிப் பாதரசக் கிண்ணங்களைத் தொடும், மின்சுற்று மூடும், எண்ணும் முகப்பின் முள் ஒரு படி நகரும். அதே கணத்தில் பக்கத்திலிருக்கும் பிரிப்புப் பெட்டியில் உரிய அறையின் மூடி மட்டும் தானாகத் திறந்துகொள்ளும். ஊழியர் அட்டையை அதில் போட்டு மூடிவிட்டு அடுத்த அட்டையை எடுப்பார். 1890இல் ஆறு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை அமெரிக்கா இப்படித்தான் எண்ணியது. ஹாலரித்தின் நிறுவனம் 1911இல் வேறு சில நிறுவனங்களுடன் இணைந்தது. அந்தக் கூட்டு நிறுவனமே 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்தப் பெட்டியில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு குணம் உண்டு. அட்டை ஒன்றுதான். ஓர் அறைக்குள் போன அட்டை இன்னோர் அறையில் இருக்க முடியாது; எந்த அறைக்கும் போகாத அட்டை ஊழியரின் கையிலேயே நிற்கும். விரிதாளில் அப்படியில்லை. மூல வரி இருந்த இடத்திலேயே இருக்க, வேறொரு தாளில் அதன் நகல் உருவாகிறது. ஒரு வரி இரண்டு தாள்களுக்குப் போகலாம், எதற்குமே போகாமலும் இருந்துவிடலாம். இரண்டும் திரையில் தெரியாது. இந்த வேலையின் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் இதுதான் என்பது என் கருத்து.

விரிதாள் பிறந்த நாட்களில் இந்தப் பிரச்சினை எழ வாய்ப்பே இல்லை. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்க, 1979இல் வெளியான விசிகால்க் 254 வரிகளும் 63 பத்திகளும் கொண்ட ஒரே தாள். பிற்பாடு தாள்கள் பெருகின. 1993இல் வந்த எக்செல் 5, அடியில் தாவல்களோடு ஒரே கோப்பில் பல தாள்களை வைக்கும் இன்றைய அமைப்பைக் கொண்டுவந்தது. மேக்ரோக்கள் எனப்படும் சிறு நிரல்களை எழுதுவதற்கான விஷுவல் பேசிக் மொழியும் அதே பதிப்பில்தான் எக்செலுக்குள் வந்தது. தாள்களைப் பெருக்கும் வசதியும் அந்த வேலையைத் தானியக்கமாக்கும் வசதியும் ஒன்றாகவே நம் கைக்கு வந்தன என்று சொல்லலாம்.

கணினியிடம் இந்த வேலையை எப்படிச் சொல்வது? நாம் செய்வதை அப்படியே செய்யச் சொல்வது ஒரு வழி. எக்செலின் மேக்ரோ பதிவு வசதி அதற்காகவே இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்குச் செய்து காட்டினால் ஒவ்வோர் அசைவையும் அது நிரலாக எழுதிக்கொள்ளும். மாவட்டத்தின் பெயர் வரும் இடத்தை மாறக்கூடியதாக்கி 38 முறை சுழலவிட்டால் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வழியும் இதுவே. ஆனால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அது ஐம்பதாயிரம் வரிகளையும் முதலிலிருந்து பார்க்கிறது. ஆக 19 லட்சம் ஒப்பீடுகள்.

வரிகளை முதலிலேயே மாவட்ட வாரியாக வரிசைப்படுத்திக்கொண்டால் ஒப்பீடு குறையும். ஒரு மாவட்டத்தின் வரிகள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிடும், பெயர் மாறும் இடத்தில் வெட்டினால் போதும். அதையும்விட நேர்த்தியான வழி ஒன்று இருக்கிறது. பட்டியலை ஒரே ஒருமுறை மேலிருந்து கீழே படிப்பது. ஒவ்வொரு வரியின் மாவட்டத்தையும் பார்த்து, அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஓர் அறை இருந்தால் அதில் போடுவது, இல்லையென்றால் புதிதாக ஓர் அறை திறப்பது. நிரலாளர்கள் இதற்குப் பயன்படுத்தும் அமைப்புக்கு டிக்‌ஷனரி என்று பெயர். ஒரு பெயருக்குரிய அறையை அது தேடிக் கண்டுபிடிப்பதில்லை. பெயரின் எழுத்துகளை வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. விடையாக வரும் எண் அறையின் முகவரியைக் கொடுத்துவிடுகிறது. அறை 38 ஆனாலும் 38,000 ஆனாலும் போய்ச் சேரும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஹேஷிங் எனப்படும் இந்த உத்தியை ஹான்ஸ் பீட்டர் லூன் 1953இல் ஓர் உள் குறிப்பாக எழுதிவைத்தார். அவர் வேலை செய்ததும் ஐபிஎம்மில்தான். ஹாலரித்தின் பெட்டியில் மின்சாரம் மூடியைத் திறந்தது. லூனின் யோசனையில் ஒரு கணக்கு திறக்கிறது.

இந்த வழியின் பெரிய நன்மை வேகமன்று. மாவட்டங்களின் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுக்க வேண்டாம் என்பதுதான். 2019 தொடங்கியபோது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். அந்த ஆண்டில் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவை உருவாயின. 2020இல் மயிலாடுதுறை சேர்ந்தது. 32 பெயர்களை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த ஒரு மேக்ரோவுக்கு இந்த ஆறு மாவட்டங்களின் பயனாளிகள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. 32 தாள்கள் அழகாக உருவாகும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். பட்டியலில் இருக்கும் பெயர்களை வைத்தே அறைகளைத் திறக்கும் நிரலுக்கு இந்த ஆபத்து கிடையாது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல மேக்ரோக்கள் மெதுவாக ஓடுவதற்கு ஒப்பீடுகளின் எண்ணிக்கை காரணமில்லை. ஒவ்வொரு செல்லாக எடுத்து ஒவ்வொரு செல்லாக எழுதுவதே காரணம். நிரலுக்கும் தாளுக்கும் இடையே ஒவ்வொரு முறை போய்வருவதற்கும் நேரம் பிடிக்கிறது, ஒவ்வொரு முறை எழுதும்போதும் எக்செல் கணக்குகளைத் திரும்பப் போட்டுத் திரையையும் புதுப்பிக்க முயல்கிறது. முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் ஒரே மூச்சில் எழுதினால் நிமிடங்கள் விநாடிகளாகும். பைத்தான் மொழியில் வெஸ் மெக்கின்னி 2008இல் தொடங்கிய பாண்டாஸ் தொகுப்பு இதைத்தான் செய்கிறது. பிரிக்கும் வேலை முழுவதும் அங்கே நாலைந்து வரிகளில் முடிகிறது.

எல்லாப் பட்டியல்களிலும் மாவட்டம் என்று ஒரு பத்தி இருக்கும் என்று சொல்ல முடியாது. கணக்கு மென்பொருள்களிலிருந்து வரும் அறிக்கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே பிரிவின் பெயர் தலைப்பாக ஒரு வரியில், கீழே விவரங்கள், அதன் கீழ் மொத்தம், ஒரு வெற்று வரி, பிறகு அடுத்த தலைப்பு. மனிதர் படிப்பதற்கு இது நன்றாக இருக்கிறது. கணினிக்கோ ஒரு விவர வரியைப் பார்த்து அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று சொல்ல வழியில்லை. அதற்கு நினைவு வேண்டும். தலைப்பு வரி வந்தால் பெயரை மனதில் வைத்துக்கொள், விவர வரி வந்தால் அந்தப் பெயரை அதன் பக்கத்தில் எழுது, மொத்த வரியையும் வெற்று வரியையும் தாண்டிப் போ என்று நிரலுக்குச் சொல்லித் தர வேண்டும். இப்படி ஒவ்வொரு வரிக்கும் அதன் பிரிவை எழுதிவிட்டால், பட்டியல் முன்பு பார்த்த வடிவத்துக்கு வந்துவிடும். அழகுக்காக ஐந்தாறு செல்களை ஒன்றாக இணைத்து நடுவில் பெயர் எழுதும் பழக்கமும் இதே தொல்லையைத்தான் தருகிறது. இணைந்த செல்களில் முதல் செல்லில் மட்டுமே பெயர் இருக்கும். மற்றவை கணினியின் பார்வையில் வெறுமையானவை. தரவு வைத்திருக்கும் தாளில் செல்களை இணைக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இனி, தமிழில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கே உரிய ஒரு சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பெயரைப் பார்த்து அறைக்கு அனுப்புகிறோம் என்றேன். கணினி பார்ப்பது பெயரை அன்று. எழுத்துகளுக்கு யூனிகோட் என்ற தரம் கொடுத்திருக்கும் எண்களின் ஒரு வரிசையை. கோயம்புத்தூர் என்ற பெயரின் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்ப்பது ஒன்று. முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனி எண்களாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; அச்சிலும் அப்படியே. எண்களை எண்களாகவே ஒப்பிடும் டிக்‌ஷனரிக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு அறைகள் திறக்கும், வரிகள் பாதிப் பாதியாகப் போகும். யூனிகோட் தரம் இந்த இரு வடிவங்களையும் சமமானவை என்றே சொல்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சீராக்கும் முறையையும் அது வகுத்திருக்கிறது. பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும்.

ஸ்ரீரங்கமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இன்னும் கடினம். ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். இரண்டும் ஒரே உருவத்தையே காட்டும். மேலே சொன்ன சீராக்கம் இவற்றை ஒன்றாக்காது. நாமே மாற்று விதி எழுத வேண்டும். சௌந்தரம் என்ற பெயரை ஔகாரக் குறி போட்டும் எழுதுகிறார்கள், ஒற்றைக் கொம்புக்குப் பின் ளகரத்தைத் தட்டியும் எழுதுகிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளில் உள்ளே இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் எண்கள் தமிழ் உருவத்தைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றாமல் அவற்றைப் புதிய பட்டியலோடு சேர்த்தால் ஒன்றுகூடப் பொருந்தாது. இவற்றோடு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கங்களிலிருந்து எடுத்து ஒட்டும்போது வரும் ஒருவகை இடைவெளியை எக்செலின் டிரிம் கட்டளையும் நீக்காது.

எனவே பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது, மாவட்டப் பத்தியில் எத்தனை வெவ்வேறு பெயர்கள் இருக்கின்றன என்று பார்ப்பது. 38க்குப் பதில் 43 வந்தால் பிழை அங்கேயே தெரிந்துவிடும். பெயரைக் கையால் தட்டவிடாமல், கீழ்விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி தாளை அமைத்துவிட்டால் இந்தப் பிழை பிறப்பது அரிது. மாவட்டத்துக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து, அதை வைத்தே பிரிப்பது இன்னும் நல்லது.

தமிழில் மேக்ரோ எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். எக்செலின் விஷுவல் பேசிக் எடிட்டர் யூனிகோடுக்கு முந்தைய காலத்தது. அதில் தமிழைத் தட்டினால் கேள்விக்குறிகளாகத்தான் நிற்கும். மாவட்டப் பெயர்களை நிரலுக்குள் எழுதாமல் தாளில் ஒரு செல்லில் வைத்து அங்கிருந்து படித்தால் இந்தத் தடையைத் தாண்டலாம். தாளின் பெயருக்கு எக்செல் 31 குறிகள்தான் அனுமதிக்கிறது. திருச்சிராப்பள்ளி நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்குப் பதினேழு. மாவட்டப் பெயரோடு திட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தால் எல்லை தாண்டி நிரல் பாதியில் நிற்கும். சாய்கோடு, கேள்விக்குறி, சதுர அடைப்புக்குறி போன்றவற்றுக்கும் தாள் பெயரில் இடமில்லை.

பெயர்கள் சீரானாலும், வரிகள் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் மதிப்புகள் மாறிவிடக்கூடும். விரிதாள் நம் எழுத்தை எழுத்தாக விட்டுவைக்காது. அது தேதியா, எண்ணா என்று ஊகிக்கும். 12/3 என்ற சர்வே எண், எழுத்துக் கோப்பிலிருந்து எக்செலுக்குள் வரும்போது தேதியாகிவிடும். முன்னால் பூஜ்யம் இருக்கும் எண் பூஜ்யத்தை இழக்கும். எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 17 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பூஜ்யங்களாகும். பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கு அத்தோடு தொலைந்தது. மரபணு ஆய்வாளர்களையும் இது விட்டுவைக்கவில்லை. செப்டம்பரின் சுருக்கம் போலிருந்த மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. அடையாள எண்கள் இருக்கும் பத்திகளை முதலிலேயே எழுத்து வடிவம் என்று குறித்துவிட்டால் நம் பட்டியல் இதிலிருந்து தப்பும்.

இவ்வளவும் செய்து, மனிதக் கை படாமல் எல்லாம் தானாக ஓடினால் போதுமா? போதாது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். கொரோனா பரிசோதனை முடிவுகளைச் சோதனைக் கூடங்கள் எழுத்துக் கோப்புகளாக அனுப்பின. பொது சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்தில் அவற்றை எக்செல் கோப்புகளில் நிரப்பும் வேலை தானாகவே நடந்துகொண்டிருந்தது. நிரப்பப்பட்ட கோப்போ பழைய எக்செல் வடிவம். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான், அதாவது இரண்டின் 16ஆம் அடுக்கு. 2007இல் வந்த வடிவத்தில் இது 10,48,576 ஆகப் பெருகிவிட்டது; ஆனால் அந்த அமைப்பு பழையதையே பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஒரு நோயாளிக்குப் பல வரிகள் தேவைப்பட்டதால், ஒரு கோப்பில் ஏறக்குறைய 1,400 பேருக்கு மேல் இடமில்லை. தொற்று ஏறியபோது கோப்பு நிரம்பியது. மிஞ்சிய வரிகள் சத்தமின்றி விழுந்துவிட்டன.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இப்படி விடுபட்டவர்கள் 15,841 பேர். அவர்களுக்குத் தங்கள் பரிசோதனை முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் ஊழியர்களிடம் அந்தப் பெயர்கள் உரிய நேரத்தில் போகவில்லை. தொற்று வேகமாகப் பரவிக்கொண்டிருந்த நாட்களில், எச்சரிக்கை கிடைக்காதவர்கள் வழக்கம்போல வேலைக்கும் கடைக்கும் போய்வந்தார்கள்.

உள்ளே வந்த வரிகள் எத்தனை, வெளியே போனவை எத்தனை என்று இரண்டு எண்களை ஒப்பிடும் ஒரு சோதனை இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். கணக்கர்கள் பேரேடுகளில் காலங்காலமாகச் செய்துவரும் சரிபார்ப்பு இதுதான். பிரித்த தாள்களின் வரிகளைக் கூட்டினால் மூலத்தின் வரிகள் வர வேண்டும். தொகைகளைக் கூட்டினால் மூலத்தின் தொகை வர வேண்டும். மாவட்டம் எழுதப்படாத வரிகளைத் தள்ளிவிடாமல், மாவட்டம் தெரியாதவை என்று ஒரு தனித் தாளில் போட வேண்டும். இந்தச் சோதனையை நிரலின் கடைசிப் பகுதியாக எழுதி, எண்கள் ஒத்துப்போகாவிட்டால் தாள்களைச் சேமிக்காமலேயே நிற்கும்படி செய்ய வேண்டும். நகலெடுக்கும் பகுதியைவிட இந்தப் பகுதியையே நான் முக்கியமாக நினைக்கிறேன்.

வரிகள் குறைவாகப் போவதுபோல அதிகமாகப் போவதும் உண்டு. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் உரிமைக் கோரிக்கை அனுப்பிய ஒருவருக்கு எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற பட்டியலைக் கொடுத்தது. அந்த எக்செல் கோப்பில் மூலத் தரவு இருந்த தாள் மறைந்த நிலையில் அப்படியே இருந்தது. 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் குடும்பப் பெயர், பதவி, பணியிடம் எல்லாம் அதில் இருந்தன. சில மணி நேரம் அது இணையத்தில் கிடந்தது. காவலர் என்று வெளியே தெரிந்தாலே ஆயுதக் குழுக்களின் குறிக்கு ஆளாகும் மண் அது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அடுத்த ஆண்டு ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்.

பிரித்து அனுப்புகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. மறைத்த தாள் நீக்கிய தாள் ஆகாது. ஃபில்டரில் தெரியாத வரிகளும் கோப்பில் இருக்கின்றன. தரவைத் தொகுத்துக் காட்டும் எக்செலின் பிவட் டேபிளில் ஒரு வசதி உண்டு. ஃபில்டரில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தனித் தாளை ஒரே சொடுக்கில் உருவாக்கிவிடும். நிரலே எழுதாமல் பிரிக்க விரும்புகிறவர்களுக்கு அருமையான வழி. ஆனால் அந்தத் தாள் ஒவ்வொன்றின் பின்னாலும் முழுத் தரவின் நகல் கோப்புக்குள் சேமிக்கப்பட்டிருக்கலாம். தேனி தாளை மட்டும் அனுப்பினாலும், பெறுகிறவர் ஃபில்டரை மாற்றி மதுரையைப் பார்த்துவிட முடியும். தாளைப் பார்ப்பவர் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தால் கவலையில்லை. வெளியே போகும் கோப்பென்றால் மதிப்புகளை மட்டும் புதிய கோப்பில் ஒட்டி அனுப்புவதே பாதுகாப்பு. அதைச் செய்ய ஒரு நிரல் இருந்தால், ஒவ்வொரு மாதமும் யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

அலுவலகத்துக்குள்ளேயே பார்ப்பதற்கு நகல் எடுக்கவே தேவையில்லை என்பதும் என் கருத்து. கூகுள் ஷீட்ஸிலும் எக்செலின் புதிய பதிப்புகளிலும் ஃபில்டர் என்ற பெயரில் ஒரு சூத்திரமே இருக்கிறது. மூலத் தாளிலிருந்து ஒரு மாவட்டத்தின் வரிகளை அது எடுத்துக் காட்டும். மூலம் மாறினால் இதுவும் மாறும். காட்சி மட்டுமே அங்கே இருக்கிறது, இன்னொரு மூலம் உருவாகவில்லை. நகல் எடுத்துவிட்டால் யாராவது அதில் ஒரு தொகையைத் திருத்துவார், மூலத்தில் பழைய தொகையே இருக்கும். எது சரி என்ற கேள்விக்கு அதன்பின் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஓர் உண்மையை ஓரிடத்தில் மட்டும் வைக்க வேண்டும் என்ற இந்தக் கட்டுப்பாடு, எட்கர் காட் 1970இல் முன்வைத்த மாதிரியை ஒட்டி வளர்ந்த தரவுத்தள வடிவமைப்பின் ஆதார விதிகளில் ஒன்று. விரிதாளுக்கும் அது பொருந்தும். ஆகவே பிரித்த தாள்கள் படிக்கவும் அச்சிடவும் அனுப்பவும் மட்டும். திருத்தம் எதுவானாலும் மூலத்தில் செய்துவிட்டு நிரலை மறுபடி ஓட்ட வேண்டும். மறுபடி ஓடும்போது பழைய தாள்களை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும்படி நிரல் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய வரிகளின் கீழேயே புதியவை சேர்ந்து எல்லாத் தொகையும் இரட்டிக்கும்.

தானியக்கம் வேண்டாம், கையாலேயே செய்துவிடலாம் என்பவர்களுக்கு ஜேபி மார்கன் வங்கியின் கதை பதில் சொல்லும். 2012இல் அந்த வங்கி லண்டன் பிரிவின் வர்த்தகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. நட்டத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் மறு ஆண்டு ஜனவரியில் வங்கியே வெளியிட்ட ஆய்வறிக்கை, ஆபத்தை அளக்கப் பயன்படுத்திய மாதிரி ஒரு விரிதாளிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் காப்பி எடுத்து ஒட்டுவதை நம்பியிருந்தது என்று பதிவு செய்தது. சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்த ஒரு சூத்திரமும் அதில் இருந்தது.

தொடங்க விரும்புகிறவர்கள் கோப்பின் ஒரு நகலில் தொடங்குங்கள். மேக்ரோ செய்ததை அன்டூ கொடுத்துத் திரும்பப் பெற முடியாது. மூன்று மாவட்டங்கள் கொண்ட இருபது வரிப் பட்டியலில் முதலில் ஓட்டிப் பாருங்கள். அதில் வேண்டுமென்றே ஒரு வரியில் மாவட்டத்தை விட்டுவிடுங்கள், இன்னொன்றில் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி வையுங்கள். நிரல் அவற்றை என்ன செய்கிறது என்று பார்த்த பிறகு முழுப் பட்டியலைக் கொடுங்கள். எக்செல் வாங்க வசதியில்லாதவர்களுக்கு லிப்ரெஆஃபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது; கூகுள் ஷீட்ஸில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதிலும் பைத்தானிலும் தமிழைத் தடையின்றி எழுதலாம். அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு நிரலை எழுதிப் பார்க்க ஆசைப்படும் ஊழியர் உங்களிடம் இருந்தால் அவருக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். எழுதி முடித்ததும், கடைசியில் கூட்டிச் சரிபார்க்கும் பகுதி இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.